நூல் கோத்த கை

மரங்கொத்தியும் அணிலும் ஒரு பொந்துக்காகச் சண்டையிட்டுக்கொண்டனவாம். பொந்தைக் குடைந்தது மரங்கொத்தி. அதில் குடியிருந்தது அணில். நியாயம் சொல்ல ஆந்தை ஒன்று இருந்தது. ஆனால் அது கண்ணைத் திறப்பதற்குள் காலம் போய்விடும் என்று அலுத்துக்கொண்டது மரங்கொத்தி. கீழே நின்ற யானையிடம் போய் முறையிட்டது. "இவ்வளவுதானே?" என்று யானை அன்போடு தலையை அசைத்தது. பிறகு மரத்தை அசைத்தது.

மிச்சக் கதை பிறகு. முதலில் அணிலின் மனைவியைப் பார்ப்போம்.

காலை பத்து மணி. நீதிமன்றத்துக்கு எதிரே, நகலெடுக்கும் கடையின் மாடியறையில் தையல்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. வலக்கையில் ஒரு மூக்குக்கண்ணாடி. இடக்கையில் ஒரு சாவி. இரண்டையும் யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவதுபோல் இறுகப் பற்றியிருந்தாள்.

எதிரே அமர்ந்திருந்தவரை ஊரார் இன்றும் 'அமீனா' என்றே அழைத்தார்கள். நீதிமன்றம் எழுதிய தீர்ப்பைக் கையில் ஏந்திச் சென்று, முப்பத்தோர் ஆண்டுகள் வீடுகளைக் காலி செய்வித்தவர். ஓய்வுக்குப் பின், காணாமற்போனவற்றைக் கண்டுபிடித்துத் தருவதைத் தொழிலாக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பூட்டுக்காரர் அந்நாளில் அவருக்காகக் கதவு திறந்தவர். இந்நாளில் வாய்க்குப் பூட்டில்லாத உதவியாளர்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஏட்டு வந்து கூட்டிட்டுப் போனார் சார். கடையைக் காலி பண்றதைப் பத்தி சின்ன விசாரணைன்னார். எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டா, அப்பவே அனுப்பிட்டோம்ங்கிறாங்க. விடியற வரைக்கும் வாசல்லயே உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுக்காரர் வரவே இல்ல."

"எந்த வீட்டுக்காரர்மா?" என்றார் பூட்டுக்காரர். "வீட்டுக்கு ஓனரா, உங்களுக்கு ஓனரா?"

"எனக்கு ஓனர்னு யாரும் இல்ல. என் புருஷன்" என்றாள் அவள் வெடுக்கென்று. உடனே கண் நிறைந்துவிட்டது. "கட்டட ஓனர் பக்கத்துலயே கடிகாரம் ரிப்பேர் பண்றார். ஒரே சுவர்தான். பொண்ணுக்குக் கடை வச்சுக் கொடுக்கணும், எங்க பகுதியைக் காலி பண்ணுங்கன்னு ஒரு வருஷமா கேக்கறார். கோர்ட்டுல சொல்லட்டும், போறோம்னு இவர் சொல்லிட்டார். இப்போ கதவுல இதை ஒட்டியிருக்காங்க."

அவள் கதவிலிருந்து கிழித்து இடுப்பில் செருகி வந்திருந்த காகிதத்தை அமீனா வாங்கிப் படித்தார். வட்டார அதிகாரியின் அலுவலகத்திலிருந்து வந்தது. உரிமையாளர் கொடுத்த மனுவின்பேரில், குடியிருப்பவர் இன்று மாலை நான்கு மணிக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டியது. காகிதத்தைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார்.

"தீர்ப்பு எண் இல்ல. கோர்ட் முத்திரை இல்ல. குடியிருக்கிறவங்களை வெளியே போன்னு சொல்ற அதிகாரம் இவங்க யாருக்கும் கிடையாதும்மா. கோர்ட் எழுதணும், அமீனா கொண்டுவரணும். போலீஸ் எனக்குப் பின்னாடி பாதுகாப்பா நிக்கலாம். எனக்கு முன்னாடி நடக்கக் கூடாது. முப்பத்தோரு வருஷத்துல ஆணை இல்லாம ஒரு தாழ்ப்பாளைக்கூட நான் தொட்டதில்ல."

"அப்போ இது செல்லாதா?"

"செல்லாது. ஆனா செல்லாத காசும் இருட்டுல செல்லும். உங்க புருஷனை இருட்டுல வச்சிருக்காங்க. அதைத்தான் முதல்ல பார்க்கணும்."

*

நண்பகலில் ஏட்டு தையற்கடைக்கு வந்தார். அப்போது அமீனா சட்டைக்கு அளவு கொடுப்பவர்போல் கைகளை விரித்து நின்றார். பூட்டுக்காரர் துணி பார்க்கும் பாவனையில் ஒரு பாவாடைத் துணிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். ஏட்டுக்கு முன்னால் அவருடைய வயிறு கடைக்குள் நுழைந்தது.

"என்னம்மா, முடிவு பண்ணியாச்சா?" மேசைமேல் கிடந்த அறிவிப்பை எடுத்து, ஒரு கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். "நாலு மணி. சாவியைக் கையில கொடுத்தா, உன் புருஷன் தானா வந்துடுவான். கொடுக்கலேன்னா, திருட்டுத் துணி வாங்கினான்னு ஒரு வழக்கு வரும். அப்புறம் எப்ப வருவான்னு எனக்கே தெரியாது."

"அவர் எங்க இருக்கார்னாவது சொல்லுங்க. சாப்பிட்டாரா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாங்கதான் நேத்தே அனுப்பிட்டோமே."

பொதுவாக மனிதர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் வம்சமே சட்டையைத்தான் பார்க்கும். அவள் கண் ஏட்டின் வயிற்றில், மேலிருந்து மூன்றாவது பொத்தானில் நிலைத்தது. பிறகு, அளவெடுத்த துணியிலிருந்து கத்தரிக்கோலை மெல்ல எடுத்தாள்.

"பொத்தான்ல நூல் பிசிறு தொங்குது. வெட்டி விடவா?"

இலவசம் என்றால் ஏட்டு என்றைக்கும் மறுத்தவரல்லர். நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ஓர் அங்குலப் பச்சை நூல் அவள் உள்ளங்கைக்கு வந்தது. "நாலு மணி" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"சார், நேத்து இவரைக் கூட்டிட்டுப் போகும்போது அந்த இடத்துல பொத்தான் இல்ல. ஊக்குதான் குத்தியிருந்தார். இன்னைக்குப் பொத்தான் இருக்கு. பொத்தானுக்கு அடியில நூலை ஏழு சுத்து சுத்திக் கழுத்து விட்டிருக்கு. இந்த ஊர்ல எல்லாரும் மெஷின்ல ஒரு அடி அடிச்சு அனுப்பிடுவாங்க. ஏழு சுத்து சுத்தறவர் ஒருத்தர்தான்."

"கடத்திட்டுப் போய், ஓசியில பொத்தானும் தைக்கச் சொன்னாங்களா?" பூட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "சமையல்காரனைக் கடத்தியிருந்தா விருந்தே வச்சிருப்பாங்க போல."

"ஊசி ஏதும்மா?" என்றார் அமீனா.

"காலர் மடிப்புக்குள்ள எப்பவும் ஒண்ணு செருகியிருப்பார். ஊசி உண்டு. நூல்தான் ஏதுன்னு தெரியல. பச்சை நூலைக் காக்கிச் சட்டைக்கு அவர் சாமானியத்துல போடமாட்டாரே."

அமீனா அந்த அங்குல நூலை வெளிச்சத்தில் பிடித்தார். கடையில் விற்கும் நூல்போல் அது நேராக இல்லை. முறுக்கிலிருந்து பிரிக்கப்பட்டதன் சுருள் அதில் இருந்தது. தடவினால் மெழுகுபோல் வழுக்கியது. அவர் முகம் மாறியது.

"இது துணிக்கடை நூல் இல்ல. கோப்பு கட்டற நாடா. மூணு புரியை முறுக்கி, ரெண்டு முனையிலும் தகரம் அடிச்சிருப்பாங்க. அதுல ஒரு புரியைப் பிரிச்சிருக்கார். கோர்ட்டுல வெள்ளை நாடா. ஸ்டேஷன்ல சிவப்பு. பச்சை போடறது ஒரே ஒரு அலுவலகம்." அவர் கிழிந்த அறிவிப்பைச் சுட்டினார். "இதை ஒட்டினவங்க."

*

வட்டார அலுவலகத்தின் முன்பக்கத்தில் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அங்கே ஓர் ஆளை ஒளித்துவைக்க இயலாது. பின்பக்கத்தில், குப்பைமேட்டை ஒட்டி, பழைய கோப்புகளைப் போட்டுவைக்கும் கிடங்கு ஒன்று இருந்தது. வாசலில் காவலர் ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். பூட்டுக்காரர் முகவரி கேட்பவர்போல் நடந்துபோய்த் திரும்பிவந்தார்.

"கதவுக்கு வயசு எண்பது சார். பூட்டுக்கு வயசு ஒரு நாள். கிழவருக்குக் கட்டின புதுப் பல் மாதிரி பளபளங்குது. பழைய காகிதத்தைத் திருடறவன் எவன்? எதுக்குக் காவல்?"

உள்ளேயிருந்து புருஷனின் இருமலாவது கேட்டதா என்று தையல்காரரின் மனைவி கேட்டாள். கேட்கவில்லை என்றார் பூட்டுக்காரர். அந்த ஒரு விடையில் அவர் வேடிக்கை எதையும் சேர்க்கவில்லை.

மூன்று மணிக்கு அவர்கள் நீதிபதியின் அறையில் நின்றார்கள். நீதிபதி அம்மையார் நூலை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, அமீனா சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நீங்க சொல்றது பொய்னு எனக்குத் தோணல. ஆனா ஒரு அரசு அலுவலகத்தோட கதவை உடைச்சுத் திறங்கன்னு இந்த ஒரு இழையை வச்சு எழுத முடியுமா? எல்லை மீறிட்டாங்கன்னு அவங்களைச் சொல்லப் போற நானே, என் எல்லையை மீறலாமா? அந்த அறைக்குள்ள அவரைப் பார்த்த கண் ஒண்ணு வேணும். அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். அதுக்கப்புறம் மூணு நாள் விடுமுறை."

மூன்று நாள். தாழ்வாரத்து இருக்கையில் அவள் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தாள். மூணு நாள். மூணு நாள். கையில் இருந்த கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அமீனாவின் பார்வை அந்தக் கண்ணாடியில் விழுந்தது.

"அம்மா, இது அவரோடதா?"

"ஆமா சார். நேத்து அவசரத்துல மெஷின் மேலயே வச்சுட்டுப் போய்ட்டார்."

"இது இல்லாம அவரால ஊசியில நூல் கோக்க முடியுமா?"

"இது இருந்தாலே முடியாது. தைக்கறது கைப்பழக்கம். கோக்கறது நான்தான். காலையில பத்து ஊசி கோத்து ஊசிப் பஞ்சுல குத்தி வச்சிட்டுத்தான் அடுத்த வேலை." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் நிமிர்ந்தாள். "அப்போ அந்தப் பச்சை நூலைக் கோத்தது யாரு?"

"ஏட்டா இருக்காது" என்றார் அமீனா. "அறிவிப்பையே ஒரு கை தள்ளிப் பிடிச்சுத்தான் படிச்சார். வாசல்ல இருக்கிற காவலருக்கு உள்ளே வேலை இல்ல. உள்ளே மூணாவது ஆள் ஒருத்தர் இருந்திருக்கார். பூட்டின அறைக்குள்ள யாரை விடுவாங்க? தையல்காரர்கிட்ட கையெழுத்து வேண்டியவரைத்தான் விடுவாங்க. அவருக்குக் கண்ணும் கூர்மை, விரலும் கூர்மை. அப்படி உங்க தெருவுல யாரு?"

பூட்டுக்காரர் வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்வார். இப்போது மெல்லிய குரலில், "ஒரே சுவர் சார்" என்றார்.

*

கடிகாரக் கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. குனிந்து நுழைந்தார்கள். சுவர் நிறையக் கடிகாரங்கள். நடுவில், கண்ணில் உருப்பெருக்கியைச் செருகியபடி கடிகாரக்காரர். எதிரே திறந்து கிடந்த கடிகாரத்தை அவர் தொடவே இல்லை.

"காலையிலிருந்து இந்த ஒரு திருகாணியைத்தான் பார்த்துட்டிருக்கீங்க போல" என்றார் பூட்டுக்காரர்.

"கடை விஷயம்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. அதிகாரி பார்த்துக்கறேன்னார்."

"அதிகாரிகிட்ட ஏன் போனீங்க?" என்றார் அமீனா.

"பின்னே? கோர்ட்டுக்குப் போனா என் பொண்ணுக்குப் பேரன் பிறந்தப்புறம்தான் கடை கிடைக்கும். எல்லாரும் அங்கதான் போறாங்க, நானும் போனேன். தப்பா?"

யாரும் பதில் சொல்லுமுன் மணி நான்காயிற்று. சுவரிலிருந்த கடிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. அவை ஓய்ந்தபோது, சுவருக்கு அப்பால் தையற்கடையின் கதவைத் தடியால் தட்டும் ஒலி கேட்டது.

"அம்மா! சாவி!" ஏட்டின் குரல்.

தையல்காரரின் மனைவி எழுந்தாள். இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். சாவியின் பல்வரிசை உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"நான் கொடுத்துடறேன் சார். கடை போனாப் போகட்டும். மரத்தடியில மெஷினைப் போட்டுக்கூடத் தைச்சுக்கலாம். மூணு நாள் அவரை அங்க விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்?"

பூட்டுக்காரர் தவிப்போடு அமீனாவைப் பார்த்தார். அமீனா வழிவிட்டு ஒதுங்கினார்.

"அது உங்க சாவி. கொடுங்கன்னு சொல்ல அவங்களுக்கு அதிகாரம் இல்ல. கொடுக்காதீங்கன்னு சொல்ல எனக்கும் இல்ல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. நீங்களா மனசொப்பிக் கொடுத்தீங்கன்னு எழுதிடுவாங்க. அப்புறம் எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர ரொம்பக் கஷ்டம்."

அவள் தலையாட்டினாள். இரும்புக் கதவருகே குனிந்தாள். பிறகு ஏனோ நின்று, திரும்பாமலேயே கேட்டாள்.

"அண்ணே, நூல் கோத்தது நீங்கதானே?"

கடிகாரக்காரரின் கண்ணிலிருந்து உருப்பெருக்கி நழுவி மேசையில் உருண்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. அவர் எப்படி இருக்கார்?"

கதவு மறுபடியும் தட்டப்பட்டது. கடிகாரக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"கொடுக்காதம்மா. சாவியைக் கொடுக்காத." குரல் விரல்களுக்கிடையே உடைந்து வந்தது. "காலையில ஒரு கையெழுத்து வாங்கணும், வாங்கன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா, கோப்பு மூட்டைமேல சாய்ஞ்சு கிடக்கார். கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டார். அந்த ஏட்டு, சும்மா இருக்கியே, இந்தப் பொத்தானைத் தைய்யின்னான். அவர் நாடாவைப் பிரிச்சு ஊசிக்கிட்ட கொண்டு போறார், போறார், கண்ணு தெரியல. நுனியை நனைக்க நாக்குல வச்சார். நாக்குல ஈரமே இல்லம்மா. ராத்திரியெல்லாம் தண்ணி கொடுக்கல. நான்தான் வாங்கி, என் நாக்குல நனைச்சுக் கோத்துக் கொடுத்தேன். 'நன்றிண்ணே'ன்னார். என்னைப் பார்த்து! வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல நான்."

அமீனா மேசையருகே வந்தார். "உங்ககிட்ட என்ன கையெழுத்து வாங்கினாங்க?"

கடிகாரக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். தூசியளவு திருகாணியைக்கூடப் பார்த்துப் பார்த்து முடுக்குகிற மனிதர், காலையில் அதிகாரி விரல் வைத்த இடத்தில் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தார். வீடு திரும்பிய பிறகே படித்திருந்தார். அமீனா உரக்க வாசித்தார்: "'இருவருக்கும் தகராறு தீரும்வரை, கட்டடம் முழுவதையும் வட்டார அலுவலகத்தின் பொறுப்பில் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்.'"

"முழுவதையுமா?" என்றார் பூட்டுக்காரர். "அப்போ இந்தக் கடையையும் சேர்த்தா? அடடே, அணிலை இறக்கச் சொன்னா யானை மரத்தையே சாய்ச்சிடுச்சே!"

இந்தக் கட்டடத்தின்மேல் அந்த அதிகாரிக்கு வெகுநாளாகக் கண் இருந்தது என்பதை அன்றுதான் கடிகாரக்காரர் உணர்ந்தார். ஆனால் அவர் எழுந்து நின்றது அதற்காக மட்டுமன்று. சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பின்பக்கமா ஒரு சந்து இருக்கு" என்றார். "கோர்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஓடினா இருபது நிமிஷம்."

"எனக்கு மூட்டுவலி. இருந்தாலும் ஓடறேன்."

*

நான்கு ஐம்பதுக்கு நீதிபதி அம்மையார் ஆணையில் கையெழுத்திட்டார். ஐந்தே காலுக்கு, இப்போதைய அமீனாவான ஒரு பெண் அலுவலர், கோப்புக் கிடங்கின் வாசலில் அதை உரக்கப் படித்தார். அவருக்குப் பின்னால் இரண்டு காவலர்கள். அவர்களுக்கும் பின்னால், பழைய அமீனா கைகட்டி நின்றார்.

வட்டார அதிகாரி வெளியே வந்தார். அவரோடு ஏட்டும் வந்தார். "இது அரசாங்க அலுவலகம். என் அனுமதி இல்லாம..."

"ஆணையில உங்க அனுமதியைக் கேக்கல சார்" என்றார் அந்தப் பெண், குரல் உயர்த்தாமல். "சாவி தர்றீங்களா, பூட்டுக்காரரைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க, கூப்பிடுங்க" என்றார் பூட்டுக்காரர், ஏற்கெனவே பையைத் திறந்தபடி. "ரொம்ப நாளாச்சு, ஆணையோட ஒரு பூட்டைத் தொட்டு."

கதவு திறந்தது. முதலில் பழங்காகித வாடை வந்தது. பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு தையல்காரர் வந்தார். வெளிச்சம் தாங்காமல் கண்களை மூடிக்கொண்டார். அவர் மனைவி அழவில்லை. முதலில் தண்ணீர்க் குவளையை வாயருகே பிடித்தாள். அவர் குடித்து முடித்த பிறகு, மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

கண்ணாடி வழியே அவர் முதலில் பார்த்தது ஏட்டின் வயிற்றை.

"அம்மா, அந்தப் பொத்தானை வெட்டி எடுத்து உறையில போடுங்க" என்றார் அவர், ஆணை ஏந்திய பெண்ணிடம். குரல் கரகரத்தது. "காக்கிக்குப் பச்சை நூல். மனசே வரல எனக்கு. ஆனா நூல் கண்ணுல படணும்னுதான் நுனியை வெட்டாம விட்டேன்."

பொத்தான் சாட்சியாக உறைக்குள் போயிற்று. திறந்துகொண்ட சட்டையை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்தபடி ஏட்டு நின்றார். தையல்காரரின் மனைவி தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"நேத்து இதைத்தானே போட்டிருந்தீங்க."

கடிகாரக்காரர் கூட்டத்துக்குப் பின்னால், முழங்காலைத் தடவியபடி ஒதுங்கி நின்றார். தையல்காரர் அவரை நோக்கி மெதுவாக நடந்தார்.

"எனக்கு அந்தக் கடை இன்னமும் வேணும்" என்றார் கடிகாரக்காரர் தலைகுனிந்து. "பொண்ணு காத்துட்டிருக்கா. பொய் சொல்லமாட்டேன்."

"கோர்ட்டுல மனு போடுங்க. நான் வக்கீல் வச்சு எதிர்க்கறேன். அங்க யார் ஜெயிச்சாலும் சரி, இந்தம்மா காகிதத்தோட வந்தா நானே சாவியைக் கொடுத்துடறேன்."

"பத்து வருஷம் ஆகுமே."

"ஆகட்டும். அதுவரைக்கும் காலையில பத்து ஊசி நீங்க கோத்துத் தரணும். இவளுக்கும் கண்ணு மங்கிட்டு வருது."

தையல்காரர் ஓரடி எடுத்துவைத்துத் தள்ளாடினார். விழுமுன் கடிகாரக்காரர் தோள் கொடுத்தார். மூட்டுவலிக்காரரும் பட்டினி கிடந்தவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, தகராறு தீராத தங்கள் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால், சாவியைக் கையில் பிடித்தபடி அவள் போனாள்.